உலக பீரியடும் பூட்டிய பம்பும்

எங்கள் தெருக் கிணற்றுத் தண்ணீரில் டீ போட்டால் பால் திரிந்துவிடும். வாயில் வைத்தால் முதலில் உப்பு கரிக்கும், பிறகு நாக்கின் அடியில் ஒரு கசப்பு வந்து உட்கார்ந்துகொள்ளும், அதற்கப்புறம் எத்தனை வெல்லம் தின்றாலும் அந்தக் கசப்பு போகாது. ஆம்பூரில் டேனரிகள் பெருகப் பெருக, தோலைக் கழுவிய தண்ணீர் மண்ணுக்குள் இறங்கி, ஒவ்வொரு கிணறாகக் கெட்டுக்கொண்டே வந்த காலம் அது. அந்த டேனரிகளில்தான் எங்கள் அப்பாக்கள் வேலை செய்தார்கள், அந்தச் சம்பளத்தில்தான் நாங்கள் சாப்பிட்டோம் என்பதால் தண்ணீரைப் பற்றி யாரும் சத்தமாகக் குறைசொல்லவில்லை.

குடிக்கிற மாதிரி இருந்தது தெரு முனையில் இருந்த கைப்பம்பு ஒன்றின் தண்ணீர்தான். எண்பதுகளின் தொடக்கத்தில் மழை பொய்த்த வருஷங்களில் அதற்கும் மூச்சு வாங்க ஆரம்பித்தது. நாலைந்து குடம் அடித்தால் வெறும் காற்றுதான் வரும், கொஞ்ச நேரம் விட்டுவைத்தால்தான் மறுபடி ஊறும். ஆகவே தெருவில் எல்லோரும் கூடிப் பேசி, பம்பின் கைப்பிடிக்குச் சங்கிலி போட்டுப் பூட்டி, எங்கள் வீடு எதிரிலேயே இருந்ததால் சாவியை என் அம்மாவிடம் கொடுத்துவிட்டார்கள். அன்றிலிருந்து அம்மாவின் நடையே மாறிப்போனது. இடுப்பில் சாவியைச் செருகிக்கொண்டு அவள் தெருவில் இறங்கினால் தாசில்தார் ஜீப்பிலிருந்து இறங்குகிற மாதிரி இருக்கும்.

சட்டம் ஒன்றே ஒன்றுதான். பம்பு "ஊர்க்காரங்களுக்கு" மட்டும். தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் குடிசை போட்டிருந்த "வந்தவங்க" ஊர்க்காரர்கள் பிடித்து முடித்த பிறகு, ஏதாவது ஊறினால் பிடித்துக்கொள்ளலாம். அப்படி ஊறியதாக எனக்கு ஞாபகமில்லை. இதில் சாதி எதுவும் கிடையாது. அவர்களும் எங்கள் சனம்தான், எங்கள் அப்பாக்கள் வேலை செய்த அதே டேனரிகளில் சுண்ணாம்புத் தொட்டியில் இறங்கித் தோலை மிதித்தவர்கள்தான். எங்களுக்குப் பிறகு வந்தார்கள் என்பதுதான் அவர்கள் செய்த தப்பு.

அப்படி வந்த குடும்பத்துப் பெண் வசந்தா. அணைக்கட்டு என்ற ஊருக்கு அந்தண்டை ஏதோ ஒரு கிராமம். கேழ்வரகு போட்ட நிலம் காய்ந்துபோய், ஆடு மாடெல்லாம் விற்று, ஒருநாள் சட்டிபானையோடு வந்து இறங்கியவர்கள். எட்டாம் வகுப்பில் என் பெஞ்சில்தான் உட்கார்ந்திருந்தாள். கணக்கில் கெட்டிக்காரி. ஆனால் தூரத்து வயல் கிணறு ஒன்றுக்குப் போய்த் தண்ணீர் எடுத்து வைத்துவிட்டுத்தான் பள்ளிக்கு வரவேண்டும் என்பதால் பிரேயர் முடிந்த பிறகுதான் வருவாள், பல நாள் வரவே மாட்டாள். அந்த வயல்காரரும் தண்ணீர் தர முணுமுணுக்கத் தொடங்கியிருந்தார். "தண்ணிக்கு வழி இல்லாட்டி பள்ளிக்கூடத்த நிறுத்திடுவேன்னு எங்கம்மா சொல்லிட்டாங்க" என்று அவள் என்னிடம் சொன்னாள். சாவி வைத்திருப்பவளின் மகள் நான், கணக்கு நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டேன்.

அந்த வருஷம்தான் எங்கள் பள்ளியில் "உலக பீரியட்" வந்தது. எங்கள் சமூக அறிவியல் ஆசிரியை ஞானம் டீச்சர் நாகர்கோயில்காரர். மெட்ராஸில் ஏதோ பயிற்சிக்குப் போய்வந்தவர், உலக வளர்ச்சிக் கல்வி என்ற பெயரோடு வெளிநாட்டிலிருந்து வந்த ஒரு கட்டு வண்ணப்படங்களைக் கொண்டுவந்தார். அந்த நீளமான பெயர் எங்கள் வாயில் நுழையவில்லை, உலக பீரியட் என்று சுருக்கிவிட்டோம். ஆப்பிரிக்காவில் வறண்ட காட்டைக் கடக்கும் குடும்பம், கப்பலில் நெருக்கியடித்து நிற்கும் ஜனங்கள், ஜெர்மனி ரயில் நிலையத்தில் பெட்டியோடு விழிக்கும் ஒரு துருக்கிக்காரர். மனிதர்கள் ஏன் சொந்த மண்ணை விட்டுப் போகிறார்கள் என்று யோசித்துப் பார்ப்பதுதான் பாடம். நாங்கள் யோசித்தோம், "ஐயோ பாவம்" என்றோம், அத்தோடு மணி அடித்துவிட்டது.

நம் ஊரில் அப்படி யாராவது உண்டா என்று டீச்சர் கேட்டபோது வகுப்பே கையைத் தூக்கியது. சவுதிக்குப் போனவர், துபாய்க்குப் போனவர், மஸ்கட்டுக்குப் போக ஏஜெண்டிடம் காத்திருப்பவர் என்று ஆளாளுக்குப் பெயர் சொன்னோம். எங்கள் ஊரில் "போறது" என்றால் அதுதான். வாசலில் வாடகைக் கார் நிற்கும், சக்கரத்தில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்குவார்கள், தெருவே கூடி அழும். சட்டிபானையோடு வந்து இறங்குவதை யாரும் அந்தக் கணக்கில் சேர்க்கவில்லை. என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த வசந்தாவும் கையைத் தூக்கவில்லை.

அடுத்த வாரம் டீச்சர் வட ஆற்காடு மாவட்ட வரைபடத்தைச் சுவரில் மாட்டி, ஆம்பூரில் ஒரு ஆணி அடித்து, ஒவ்வொருத்தியும் தன் சொந்த ஊரைச் சொன்னால் அங்கிருந்து ஆம்பூருக்கு ஒரு நூல் கட்டலாம் என்றார். வெளியூரிலிருந்து வந்த இரண்டு மூன்று பிள்ளைகளை வைத்துப் பாடத்தை நடத்திவிடலாம் என்பது அவர் போட்ட கணக்கு. ஆனால் எங்கள் பக்கத்தில் சொந்த ஊர் எது என்று கேட்டால் குடியிருக்கிற ஊரைச் சொல்ல மாட்டோம். குலதெய்வம் எங்கே இருக்கிறதோ, முதல் மொட்டை எங்கே அடித்தார்களோ, அதைத்தான் சொல்வோம். வீட்டில் அப்படித்தான் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். ஒருத்தி நெமிலி என்றாள், ஒருத்தி குடியாத்தம் என்றாள், நான் திமிரிப் பக்கம் என்றேன். பீரியட் முடிவதற்குள் அந்த ஆணியைச் சுற்றி நூல் கண்டு மாதிரி திரண்டுவிட்டது. வசந்தாவின் அணைக்கட்டு நூல் அதற்குள் எங்கே என்று தேடித்தான் பார்க்கவேண்டும்.

டீச்சர் மிச்ச நூலைக் கையில் சுற்றிக்கொண்டார். "அப்பம் இங்க ஆம்பூர்க்காரின்னு ஆருதான் உண்டு?" என்று கேட்டார்.

எழுந்து நின்றவள் எங்கள் தெரு ஷமீம் ஒருத்திதான். அவள் அண்ணன் சவுதியில் இருந்தான். வகுப்பே சிரித்தது, டீச்சரும் சிரித்துவிட்டார்.

ஷமீம் இதை வீட்டில் போய்ச் சொல்லாமல் இருப்பாளா? மறுநாள் காலை, பம்படியில் பெண்கள் கூட்டமாக நிற்கும்போது, அவள் அம்மா குடத்தைக் கீழே வைத்துவிட்டு என் அம்மாவிடம் கையை நீட்டினார். "சரோஜா, சாவிய எங்கிட்ட குடுத்துடு. இந்தத் தெருவுலயே ஊர்க்காரி நான் ஒருத்திதானாம். உம் பொண்ணே திமிரின்னு சொல்லிச்சாமே. இன்னா, நெஜமா இல்லியா?"

எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அம்மா மட்டும் சிரிக்கவில்லை. "அது எங்க சாமி ஊரு. நாங்க எங்க மாமனார் காலத்துல இருந்து இங்க இருக்கறோம். நேத்து வந்தவங்களும் நாங்களும் ஒண்ணா?" என்று சொல்லிச் சாவியை இன்னும் ஆழமாகச் செருகிக்கொண்டாள். வீட்டுக்கு வந்து என்னைப் பிடித்துக்கொண்டாள். "பள்ளிக்கூடத்துல படிப்பு சொல்லித் தர்றாங்களா, குடும்பத்த கெளர்றாங்களா? பேஜார் புடிச்ச டீச்சர்" என்றாள்.

அந்த மாதமே தம்பிக்கு மொட்டையடித்துக் காது குத்தத் திமிரிப் பக்கம் போனோம். கோயில் வாசலில் கல் கூட்டி அடுப்பு மூட்டியாயிற்று, பொங்கலுக்குத் தண்ணீர் வேண்டும். அம்மா குடத்தை எடுத்துக்கொண்டு, என்னையும் கூட்டிக்கொண்டு, ஊர்ப் பொதுக்கிணற்றுக்குப் போனாள். அங்கேயும் பஞ்சம்தான்; குடங்கள் வரிசையாகக் காத்திருந்தன. கயிற்றைப் பிடித்திருந்த ஒரு பெண் எங்களை ஏற இறங்கப் பார்த்தாள்.

"யாரும்மா நீங்க? எந்த ஊரு?"

"இந்த ஊருதான். இது எங்க சாமிதான்" என்றாள் அம்மா.

"இந்த ஊரா? நான் பார்த்ததே இல்லியே. காலையில பஸ்ல வந்தவங்கதானே நீங்க? எங்களுக்கே தண்ணி கம்மியா கெடக்குது. ஊர்க்காரங்க எடுத்துக்கட்டும், மிச்சம் இருந்தா எடுத்துக்கோங்க."

அவள் சண்டைக்காரி இல்லை. சாதாரணமாகத்தான் சொன்னாள், தினமும் காலையில் அம்மா சொல்வதைப் போலவே. அம்மா வெறுங்குடத்தோடு நின்றாள். அவள் முகம் அப்படிச் சுருங்கி நான் அதற்கு முன் பார்த்ததில்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது. பிறகு அப்பா எங்கேயோ ஒரு பம்புசெட்டுக்கு நடந்துபோய்த் தண்ணீர் கொண்டுவந்தார், பொங்கல் பொங்கியது, தம்பி காது குத்தும்போது ஊரையே கூட்டினான். எல்லாம் முறைப்படி நடந்தது.

திரும்பும்போது பஸ் ஆற்காட்டைத் தாண்டியது. அம்மா ஜன்னலைப் பார்த்தபடியே, "ஏண்டி, உங்கூட படிக்குதே அணைக்கட்டுக்காரப் பொண்ணு, அது பேரு இன்னா?" என்று கேட்டாள்.

மறுநாள் விடிந்ததும் பூட்டைத் திறந்து, சங்கிலியை உருவிக்கொண்டுவந்து வீட்டு மூலையில் போட்டாள். யார் முன்னால் வருகிறார்களோ அவர்கள் பிடித்துக்கொள்ளலாம், வந்தவங்க போனவங்க என்று எதுவும் கிடையாது என்று தெருவில் நின்று சொன்னாள். முணுமுணுப்பு இல்லாமல் இல்லை. ஷமீமின் அம்மா மட்டும், "இப்பதான் நீ ஊர்க்காரி" என்றார்.

இதைச் சொல்ல நான் பள்ளிக்கு ஓடினேன். வசந்தாவின் இடம் காலியாக இருந்தது. நாங்கள் திமிரிக்குப் போய்வருவதற்குள் வயல்காரர் கிணற்றைச் சுற்றி முள்வேலி போட்டுவிட்டார். அவள் அப்பா கட்டிட வேலைக்கென்று குடும்பத்தோடு பெங்களூர் ரயில் ஏறிவிட்டார். பெங்களூரில் எங்கே என்று குடிசைகளில் யாருக்கும் தெரியவில்லை. ஞானம் டீச்சர் ஒரு நூலை எடுத்து ஆம்பூர் ஆணியில் முடிந்தார். மாவட்ட வரைபடத்தில் பெங்களூர் ஏது? படத்துக்கு வெளியே, வெறும் சுவரில் ஒரு ஆணி அடித்து அதில் கட்டினார். உலக பீரியடில் நான் உருப்படியாகப் படித்தது அந்த ஒரு நூலைத்தான் என்று சொல்வேன். துருக்கிக்காரருக்கு "ஐயோ பாவம்" சொல்வது சுலபமாக இருந்தது. அவருக்கு எங்கள் பம்பிலிருந்து ஒரு குடம் தண்ணீர் தரவேண்டியிருக்கவில்லை.

பள்ளிப் பாடத்தால் எங்கள் தெரு திருந்தியது என்று கதை கட்ட மாட்டேன். படங்களும் நூலும் யார் ஊர்க்காரி என்ற கேள்வியைத்தான் வீட்டு வாசல்வரை கொண்டுவந்தன. அம்மாவுக்கு அது உறைத்ததோ கிணற்றடியில் வெறுங்குடத்தோடு நின்றபோதுதான். படிப்பு முந்தியா, பட்டது முந்தியா என்று கேட்டால் எனக்கு இன்றும் சொல்லத் தெரியாது. அந்தக் கேள்வி காதில் விழாமல் போயிருந்தால், அன்று பஸ்ஸில் அம்மா அந்தப் பெயரைக் கேட்டிருக்க மாட்டாள் என்று மட்டும் நினைக்கிறேன்.

சென்ற மாதம் ஆம்பூர் போயிருந்தேன். பம்பு இருந்த இடத்தில் செல்போன் கடை இருக்கிறது. தெருக் கிணற்றை மூடி மேலே வீடு கட்டிவிட்டார்கள். குடிசைகள் இருந்த பக்கம் வரிசையாக வாடகை அறைகள். ஷூ கம்பெனி வேலைக்கு வந்த வடநாட்டுப் பையன்கள் வாசலில் உட்கார்ந்து ஊருக்கு வீடியோவில் பேசிக்கொண்டிருந்தார்கள். ஷமீம் குடும்பம் சென்னைக்குப் போய்விட்டது, நாங்களும் போய்விட்டோம், அம்மாவும் போய்ச் சேர்ந்துவிட்டாள். பூட்டைத் திறந்தாயிற்று என்று வசந்தாவிடம் சொல்ல மட்டும் எனக்கு வாய்க்கவே இல்லை. எந்த ஊரில் இருந்தாலும், எங்கள் தெருவை அவள் நினைத்துப் பார்த்தால், அங்கே அந்தப் பம்பு இன்னும் பூட்டியேதான் கிடக்கும்.