மழுங்கிய ஊசியை எங்கே போடுவது?

நான் ரவிக்கை தைத்துப் பிழைக்கிறவள். காஞ்சிபுரத்தில் பட்டுக்கடைகள் நெருங்கி நிற்கும் தெருவை ஒட்டிய சந்தில் எங்கள் வீடு. அதன் முன்னறைதான் என் கடை. பட்டு ரவிக்கையில் ஜரிகைக் கரையை மடித்துத் தைக்கும்போது மெஷின் ஊசி படக்கென்று முறியும். முறியாத ஊசியும் நாளடைவில் மழுங்கிப்போய்ப் பட்டு இழையை இழுத்துவிடும். அந்த ஊசிகளையும் வளைந்த குண்டூசிகளையும் ஒரு பழைய பவுடர் டப்பாவில் போட்டு வைப்பேன். நிறைந்ததும் மூடியைச் சுற்றி டேப் ஒட்டி, "உள்ள ஊசி இருக்குதுபா, தொறக்காத" என்று சொல்லிப் பழைய இரும்பு வாங்குபவரிடம் கொடுத்துவிடுவேன். இதில் பெருமைப்பட எதுவும் இல்லை. கண்ட இடத்தில் போட்டால் யாருக்காவது குத்தும். இதைப் புரிந்துகொள்ளப் பெரிய படிப்பு வேண்டியதில்லை என்றுதான் நினைத்திருந்தேன்.

போன தையில் ஒரு முகூர்த்த நாள் காலை. எங்கள் தெருவில் குப்பை எடுக்கும் அக்கா வாசலில் வந்து நின்றார். முசரவாக்கத்திலிருந்து முதல் பஸ்ஸில் வருகிறவர். வழக்கமாக வண்டி மணியை அடித்து, "டைலரம்மா, குப்பை!" என்று கூப்பிடுவார். அன்று மணியும் இல்லை, குரலும் இல்லை. வலது கையை இடது கையால் இறுக்கிப் பிடித்திருந்தார். ஆள்காட்டி விரலிலிருந்து ரத்தம் மணிக்கட்டு வரை வழிந்திருந்தது.

"ஏம்மா, ஊசிய யாராச்சும் குப்பைல போடுவாங்களா? நாங்கல்லாம் மனுசங்க இல்லியா?"

தெருவில் தையற்காரி நான் ஒருத்திதான். அவர் என்னைச் சந்தேகப்பட்டதில் தப்பில்லை. ஆனாலும் எனக்குச் சுருக்கென்றது. டப்பாவைக் கொண்டுவந்து காட்டினேன்.

"நான் இதுலதான் போடறேன்கா. எந்தப் பைல இருந்துது, காட்டுங்க."

வண்டியிலிருந்த கறுப்புப் பையைக் காட்டினார். உள்ளே புடவைப் பெட்டி அட்டைகள், கசங்கிய காகிதம், கிழித்த விலைச் சீட்டுகள். அவற்றோடு தலையில் வெள்ளை மணி வைத்த குண்டூசிகள் கைப்பிடி கைப்பிடியாகக் கிடந்தன. கடை வாசல் பொம்மைகளுக்குப் புடவை கட்டும்போது கொசுவத்தில் குத்துகிற ஊசிகள். நுனி மழுங்கி வளைந்ததும் அப்படியே அள்ளிக் கொட்டியிருக்கிறார்கள். விலைச் சீட்டில் முனையிலிருக்கும் பெரிய பட்டுக்கடையின் பெயர் இருந்தது. புடவை எடுத்தவர்களை ரவிக்கை தைக்க என்னிடம் அனுப்புகிற கடை.

விரலைச் சோப்புப் போட்டுக் கழுவிப் புதுத் துணியால் சுற்றிவிட்டு, ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்றேன்.

"போவலாம். மொதல்ல அவங்களாண்ட கேட்டுட்டுப் போவலாம்" என்றார்.

கடை வாசலில் காவலாளி எனக்குக் கதவைத் திறந்துவிட்டு, அக்காவின் குறுக்கே கையை நீட்டினார். "குப்பைக்காரங்க பின்பக்கமா போங்க." ரெண்டு பேரும் சேர்ந்துதான் வந்திருக்கிறோம் என்று சொல்லி நானும் வெளியிலேயே நின்றுகொண்டேன். மேனேஜர் வந்தார்.

"வாங்க டைலர்மா, என்ன விஷயம்?" என்று என்னிடம் கேட்டார். அக்காவைப் பார்த்ததும் குரல் மாறியது. "நீ ஏன் முன்னாடி நிக்கற? கஸ்டமர் வர்ற நேரம்."

அக்கா பையை விரித்தார். "உங்க கடை ஊசிதான் சார். மொத்தமா கொட்டி வெச்சிருக்கீங்க. கையில ஏறிடுச்சி."

"எங்க கடைதுன்னு எப்படிச் சொல்ற?"

நான் விலைச் சீட்டை நீட்டினேன். அவர் அதைக் கையில் வாங்கவே இல்லை.

"சரி, கிளவுஸ் குடுத்திருக்காங்க இல்ல? போட்டுக்கினு எடுக்க வேண்டியதுதானே?"

"போட்டுக்கினுதான் சார் எடுத்தேன்." இடுப்பில் செருகியிருந்த கையுறையை உருவிக் காட்டினார். பால் பாக்கெட் கனம்கூட இல்லாத ரப்பர். விரல் நுனியில் ஓட்டை, ஓட்டையைச் சுற்றி ரத்தம்.

"பாத்து எடுக்கணும்மா" என்றார் மேனேஜர்.

அந்தக் கடையில் ஒரு புடவையில் ஓர் இழை இழுபட்டால் விற்பனைப் பெண் எல்லோர் முன்னாலும் திட்டு வாங்குவாள். ஒரு பெண்ணின் விரலில் ஊசி இறங்கினால் மட்டும், பாத்து எடுக்கணும்!

"கட்டி வெச்ச கறுப்புப் பைக்குள்ள எப்படி சார் பாக்கறது? ஒரு பாட்டில்ல போட்டு மூடித் தனியா குடுத்தா உங்களுக்கு என்ன கொறஞ்சிடும்?"

அவர் குரலைத் தாழ்த்தினார். "நம்ம கஸ்டமருங்கதான் உங்ககிட்ட பிளவுஸ் குடுக்கறாங்க. நீங்க ஏன் இதுல வர்றீங்க?"

"அதுக்கும் இவங்க விரலுக்கும் என்ன சார் சம்பந்தம்?"

நான் கத்திவிட்டேன். உள்ளே புடவை பார்த்துக்கொண்டிருந்த கல்யாண வீட்டார் திரும்பிப் பார்த்தார்கள். மேனேஜர் சைகை காட்ட, ஒரு பையன் குளிர்பானம் கொண்டுவந்தான். ஒரே ஒரு பாட்டில். எனக்கு. நான் தொடவில்லை. மன்னிப்பு என்ற சொல் கடைசிவரை அவர் வாயிலிருந்து வரவில்லை.

ஆஸ்பத்திரியில் நர்ஸ் தடுப்பூசி போட்டுக்கொண்டே, "பாத்து எடுக்கக் கூடாதாம்மா?" என்றார். அக்காவின் போனில் அவரை வேலை வாங்கும் மேஸ்திரி, வண்டியைத் தெருவில் விட்டுவிட்டு எங்கே போனாய் என்று சத்தம் போட்டுவிட்டு, அவரும் அதையே சொன்னார். திரும்பும்போது ஆட்டோவில் அக்கா சொன்னார்: "எல்லாரும் என்னியே பாத்து எடு, பாத்து எடுன்றாங்க. அந்தாளாண்ட, பாத்துப் போடுன்னு ஒருத்தராச்சும் சொன்னாங்களா?"

அந்த வேகத்தில் மறுநாளே மாநகராட்சிக் குப்பைப் பிரிவு அலுவலகத்துக்குப் போனேன். பழைய ஊசி, குண்டூசியை எதில் போடவேண்டும் என்று கேட்டேன். மேசையிலிருந்தவர் நிமிராமலே, "மக்காத குப்பைம்மா" என்றார். மக்காத குப்பையைக் கையால்தானே பிரிக்கிறார்கள் என்றேன். சூப்பர்வைசரிடம் சொல்லச் சொன்னார். சூப்பர்வைசர் வெளியே போயிருந்தார். இரண்டு முறை போயும் வெளியேதான் இருந்தார்.

அக்காவின் விரல் வீங்கி வடிந்தது. புண் ஆறிவிட்டது, நுனியில் மட்டும் இன்னும் மரமரப்பாக இருக்கிறதாம். கடை செய்தது ஒன்றே ஒன்று. "குப்பை வண்டிகள் இங்கே நிற்கக் கூடாது" என்று முகப்பில் பலகை மாட்டினார்கள். அங்கிருந்து எனக்கு வந்துகொண்டிருந்த ரவிக்கைத் துணியும் நின்றது. நிற்கட்டும்.

சில வாரம் கழித்து, அந்தக் கடையில் பொம்மைகளுக்குப் புடவை கட்டும் பெண் தன் ரவிக்கையைப் பிரித்துத் தைக்க வந்தாள்.

"அக்கா, அன்னிக்கு நாங்க உள்ள நின்னு கேட்டுக்கினுதான் இருந்தோம். எங்களுக்கும் டெய்லி குத்துது. வாயத் தொறந்தா வேலை போயிடும்" என்றாள். பிறகு மெதுவாக, "இப்ப வளைஞ்ச ஊசியெல்லாம் காலி தண்ணி பாட்டில்ல போடறோம்கா. மேனேஜருக்குத் தெரியாது" என்றாள்.

மறுநாள் அக்காவிடம் சொன்னேன். அவர் நேராகப் போய் அந்தப் பலகைக்குக் கீழேயே வண்டியை நிறுத்தினார். காவலாளி கையை ஆட்டி ஆட்டி விரட்டினார். அக்கா அசையவில்லை. உள்ளிருந்து அந்தப் பெண் ஊசிப் பாட்டிலைக் கொண்டுவந்து கொடுக்கிறவரை வண்டி மணியை அடித்துக்கொண்டே இருந்தார்.