அப்பா இறக்கிவிட்ட கூழைக்கடா

மிக்சியில் தேங்காய்ச் சட்னி அரைபட்டுக்கொண்டிருந்தபோதுதான் அந்த யோசனை வந்தது. வாசலில் நின்ற அப்பா உள்ளே பார்த்து முஷ்டியை மூடி உயர்த்தினார். அம்மா சட்டென்று மிக்சியை நிறுத்தினாள். இடையில் ஒரு வார்த்தை இல்லை. இவர்களால் பேசாமலும் காரியம் செய்ய முடியும்! நான் துள்ளிய துள்ளலில் கையிலிருந்த காபி சட்டையெல்லாம் கொட்டியது.

அப்பாவுக்குத் துறைமுகத்தில் சிக்னல்மேன் வேலை. கப்பல் தளத்தில் நின்று, உயரத்தில் இருக்கும் கிரேன்காரருக்குக் கை காட்டுவார். விரலை மேல்நோக்கிச் சுழற்றினால் தூக்கு. கீழ்நோக்கிச் சுழற்றினால் இறக்கு. முஷ்டியை மூடினால் நிறுத்து. வருடக்கணக்காக அந்த இரைச்சலில் நின்று பழகியவர், வீட்டிலும் பக்கத்தில் கிரேன் ஓடுவதாக நினைத்தே பேசுவார். அவருக்குக் கேட்க வேண்டுமே என்று அம்மாவும் கத்துவாள். எங்கள் வீட்டு ரகசியங்கள் பக்கத்து ஊரான மாப்பிள்ளையூரணி வரைக்கும் தெரியும்.

அந்தச் சத்தம்தான் என் பிரச்சினை. ஊருக்குள் ஓடிக் கடலில் சேரும் ஓடை ஒன்று இருக்கிறது. நான் பள்ளிக்குப் போன காலத்தில் அதன் மேலுள்ள பாலம் வந்தால் பஸ்ஸில் தூங்குகிறவர்கள்கூட மூக்கைப் பிடித்துக்கொண்டு எழுந்துவிடுவார்கள். இப்போது குப்பையை அள்ளி, சாக்கடையைத் திருப்பி, கரையெல்லாம் அலையாத்திச் செடிகள் நட்டு, நடக்கப் பலகைப் பாதையும் போட்டுவிட்டார்கள். பறவைகள் வருகின்றன. ஞாயிறு காலைகளில் ஆட்களைக் கூட்டிப்போய் அவற்றைக் காட்டும் பொறுப்பு எனக்கு வேண்டும். விலங்கியல் படித்துவிட்டு வீட்டில் ஃபேனைப் பார்த்துக் கிடக்கும் எனக்கு அதைவிடப் பெரிய ஆசை இல்லை.

ஓடையைப் பார்த்துக்கொள்ளும் அக்கா ஒரு நிபந்தனை போட்டாள்.

"மூணு பேரக் கூட்டிட்டு வா. ஒரு மணி நேரம் சுத்திக் காட்டு. உங்களால ஒரு பறவ எந்திரிச்சுப் பறக்கக் கூடாது. பறந்துச்சோ, நான் வேற ஆளப் பாத்துக்கிடுவேன்."

காலை ஆறு மணி என்றதும் தோழிகள் எல்லோருக்கும் ஒரே நாளில் காய்ச்சல் வந்துவிட்டது. மிச்சம் இருந்தது அப்பா, அம்மா, நாசரேத்திலிருந்து வந்திருந்த பெரியம்மா. பெரியம்மா ஓய்வுபெற்ற டீச்சர். பணிக்காலம் முழுவதும் 'சத்தம் போடாதே' என்று சத்தம் போட்டவள்.

சனிக்கிழமை ஹாலில் ஒத்திகை வைத்தேன். மேலே சுழற்றினால் எழுந்திரு, கீழே சுழற்றினால் உட்கார், முஷ்டி என்றால் நில்.

"வாயே தொறக்கக் கூடாதா?" என்றாள் பெரியம்மா. "அப்ப எதுக்குளா போறோம்?"

"பறவ பாக்க, பெரியம்மா."

"பாத்தா, 'அந்தா பாரு'ன்னு சொல்ல வேண்டாமா? சொல்லாம பாக்குததுல என்ன இருக்கு?"

அப்பா குறுக்கே வந்தார்.

"மயினி, என் கைய மட்டும் பாருங்க. கை சொன்னா செய்யணும். ஏன் எதுக்குன்னு கேக்கக் கூடாது. கேட்டுக்கிட்டு நின்னா, மேல தொங்குத சரக்கு தலையில விழுந்துரும்."

"இங்கன ஃபேன்தான் தொங்குது," என்றாள் பெரியம்மா. ஆனாலும் மூன்று சுற்று உட்கார்ந்து எழுந்தாள்.

எட்டரைக்குச் சர்ச்சில் ஆராதனை என்பதால், மறுநாள் பெரியம்மா கஞ்சி போட்ட வெள்ளைச் சேலையிலேயே ஓடைக்கு வந்தாள். கடல் இறங்கி ஓடை பாதி வற்றியிருந்த நேரம். ஓடையின் இரண்டு பக்கமும் சேறு பளபளத்தது. அதில் நெடுங்கால் உள்ளான்கள் சிவப்புக் குச்சிக் கால்களோடு நூற்றுக்கணக்கில் மேய்ந்தன. அந்தப் பக்கம் ஏழெட்டுப் பூநாரைகள். எதிர்க்கரையில் அக்கா கையைக் கட்டிக்கொண்டு எங்களையே பார்த்து நின்றாள்.

அப்பா அசத்தினார். முஷ்டி உயர்ந்தால் நின்றோம், இறங்கினால் நடந்தோம். அம்மா பூநாரையைப் பார்த்து வாயைத் திறந்து, மூடிக்கொண்டாள். பலகைப் பாதை முடிந்து ஈரக்கரையில் இறங்கி நின்றபோது முக்கால் மணி நேரம் ஆகியிருந்தது. ஒரு சிறகு அசையவில்லை. ஞாயிற்றுக்கிழமைகள் எல்லாம் என் கைக்கு வந்துவிட்டதாகவே நினைத்தேன்.

அப்போது உப்பளப் பக்கமிருந்து ஒரு கூழைக்கடா வந்தது. கனத்த உடம்பு, அதைவிடக் கனத்த அலகு. சிறகை விரித்தபடி தாழ்ந்து தாழ்ந்து நேராக எங்கள் முன்னால் இறங்கப் பார்த்தது. அவ்வளவு பெரிய சுமை தலைக்கு மேலே வருவதைப் பார்த்துக்கொண்டு அப்பாவால் சும்மா இருக்க முடியவில்லை. கை தானாக எழுந்தது. விரல் கீழ்நோக்கிச் சுழன்றது. மெள்ள. இன்னும் மெள்ள. அவருக்குப் பின்னால் அம்மாவும் பெரியம்மாவும் அந்த விரலையே பார்த்தபடி, மெள்ள, இன்னும் மெள்ள, உட்காரத் தொடங்கினார்கள். நான் கையை ஆட்டித் தடுத்தேன். என் கையை யார் பார்த்தார்கள்? கூழைக்கடா தண்ணீரில் இறங்கிய அதே நொடியில் பெரியம்மா சேற்றில் இறங்கினாள். அப்பா முஷ்டியை மூடி வேலையை முடித்தார்.

பிறகு பெருமையாகத் திரும்பிப் பார்த்தார்.

வெள்ளைச் சேலை இடுப்புவரை கறுத்திருந்தது. பெரியம்மாவின் உதடுகள் துடித்தன. முழங்கால் வலிக்காரி, 'கர்த்தரே' என்று கூவாமல் நாற்காலியிலிருந்துகூட எழுந்ததில்லை. அப்பா பதறிப்போய் விரலை மேல்நோக்கிச் சுழற்றினார். நானும் அம்மாவும் ஆளுக்கொரு கையைப் பிடித்துத் தூக்கினோம். பெரியம்மா முந்தானையைக் கடித்துக்கொண்டு எழுந்தாள். சத்தமே இல்லை. உள்ளான்கள் மேய்ந்துகொண்டே இருந்தன.

எதிர்க்கரையில் அக்கா வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள். பொத்திய கையையும் மீறிச் சிரிப்பு வெடித்தது. அவ்வளவுதான். அத்தனை உள்ளான்களும் ஒரே வீச்சில் எழுந்து பறந்தன.

"ஏ தங்கச்சி!" அப்பா பழைய குரலுக்கு வந்துவிட்டார். "பறத்துனது நீங்க! நாங்க இல்ல!"

"நான் சேத்துல உக்காந்து கர்த்தரக்கூடக் கூப்பிடல!" என்றாள் பெரியம்மா.

"எங்க அக்கா சேலையப் பாத்தியளா?" இது அம்மா.

பூநாரைகளும் போயின. கூழைக்கடா மட்டும், இறக்கிவிட்டவர் சொல்லாமல் எப்படிப் போவது என்பதுபோல் கொஞ்சம் தயங்கிவிட்டுப் போனது.

அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு சுற்றி வந்தாள். "மிச்சம் கெடந்ததையும் நீங்க பறத்திட்டிய அண்ணாச்சி." என் பக்கம் திரும்பினாள். "பறந்தது பறந்ததுதான். பொறுப்ப இன்னிக்கித் தர முடியாது. ஆனா வேற ஆளயும் பாக்கல. அடுத்த ஞாயிறு வா. நான் வாசல் கேட்டுக்கு வெளிய நின்னுக்கிடுதேன்."

பெரியம்மா அம்மாவின் சேலையில் ஆராதனைக்குப் போய்விட்டு, மத்தியானமே நாசரேத் பஸ் ஏறிவிட்டாள். இந்த ஞாயிறு அப்பாவோடு அவருடைய கூட்டாளிகள் மூன்று பேர் வருகிறார்கள். எல்லோரும் கிரேன் வேலை, ஒத்திகை தேவையில்லை. இரும்புச் சரக்கு இறங்கும்போதே வாய் திறக்காதவர்கள், உள்ளானுக்கா திறக்கப் போகிறார்கள்? பயமெல்லாம் அப்பாவின் கையை நினைத்துத்தான். கல்லூரித் தோழியிடம் பெரிய பைனாகுலர் ஒன்றை இரவல் கேட்டிருக்கிறேன். நல்ல கனம், இரண்டு கையாலும் பிடித்தால்தான் நிற்கும். அதை அப்பாவிடம் கொடுத்துவிட்டு, சைகை முழுவதையும் நானே காட்டிப் பார்க்கப் போகிறேன்.