அக்காவின் இடத்தில்

அக்கா பிரசவத்தில் குழந்தையோடு இறந்து சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. அவள் புருஷன், என் மாமா, என்னையும் அம்மாவையும் காரிமங்கலத்திலிருந்து தர்மபுரிக்கு மேட்னி ஷோ கூட்டிப்போனார். டப்பிங் படம். ஒரு விஞ்ஞானி, செத்துப்போன மனைவியின் நினைவுகளை மெஷின் வைத்து வேறொரு பெண்ணின் மூளையில் ஏற்றுகிறான். அவள் கண் திறந்து அவனைப் பேர் சொல்லிக் கூப்பிட்டதும் மாமா தேம்பித் தேம்பி அழுதார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அக்கா வலியில் துடித்தபோது, "வூட்டுலயே பொறக்கும், ஆஸ்பத்திரி எதுக்கு?" என்று பீடி பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவர் அவர்.

இடைவேளையில் வெளியே வந்ததும் அம்மா என்னிடம் மெதுவாக, "நீ மாமாவக் கட்டிக்கிட்டா அக்காவே திரும்பி வந்த மாதிரி இருக்கும்டி" என்றாள். மாமா கண்ணைத் துடைத்தபடி தலையாட்டினார். எதற்குக் கூட்டிவந்தார்கள் என்று அப்போதுதான் புரிந்தது.

"அவ சாகறப்ப ஒரு வண்டி புடிக்கத் தோணலீங்களா மாமா? இப்ப என் உடம்புல அவ பொறந்து வரணுமா?" என்று கத்தினேன். டீ குடித்துக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அம்மா என் வாயைப் பொத்த வந்தாள். கையைத் தட்டிவிட்டு, தனியாக பஸ் ஏறி ஊருக்கு வந்துவிட்டேன்.

அம்மா வெகுநாள் என்னோடு பேசவில்லை. அடுத்த தையில் மாமாவுக்கு வேறு பெண் அமைந்தது. பத்திரிகை வைக்க வந்தவரை நான் உள்ளே விடவில்லை.