மூன்றாவது முறை பூட்டிக்கொள்ளும் பெயர்

காலையில் அலுவலகத்துக்குள் நுழைந்ததும் பையைக்கூட இறக்கி வைக்காமல் பிரிண்டரிடம் ஓடுவேன். முந்தின நாள் யார் எந்தக் கோப்பை எத்தனை மணிக்குத் திறந்தார்கள் என்று எங்கள் சர்வர் எழுதிவைத்ததெல்லாம் அடித்து முடிந்து, தாள் பின்பக்கம் மடிந்து மடிந்து கிடக்கும். ஸ்ரீவைகுண்டத்திலிருந்து பாசஞ்சர் வண்டியில் நின்றபடியே வந்த கால்வலியெல்லாம் அந்தத் தாளில் ஒரு பெயரைப் பார்க்கும்வரைதான்.

தொண்ணூறுகளின் பின்பாதி அது. பாபநாசம் பக்கம் நூல் மில் வைத்திருந்த ஒரு கம்பெனியின் வண்ணார்பேட்டை அலுவலகத்தில் கம்ப்யூட்டர் பிரிவு என் பொறுப்பு. பிரிவு என்றால் பெரிதாக ஒன்றுமில்லை, நானும் ஒரு சர்வரும்தான். எல்லாருடைய கோப்புகளும் அந்த ஒரே பெட்டிக்குள் இருந்தன. மெட்ராஸ் விற்பனை அலுவலகத்தில் இருப்பவர்களும் டெலிபோன் லைனில் மோடம் போட்டு அதற்குள் வருவார்கள். விலைக் கோப்பை யாரோ வெளியே கொடுத்துவிட்டார்கள் என்று எங்கள் மேனேஜருக்கு ஒரு சந்தேகம் வந்தது. அவரை எல்லோரும் அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவோம். “யாரு எதைத் தொறக்கான்னு எனக்கு அன்னன்னைக்குத் தெரியணும்” என்றார். அப்படி வந்ததுதான் அந்தத் தாள்.

நான் தேடிய பெயர் மெட்ராஸுக்கு மாற்றலாகிப் போனவருடையது. அதற்கு முன்பு அவர் எனக்குப் பக்கத்து மேஜை. கரண்ட் போனால் பேட்டரி கீச்சுக் கீச்சென்று கத்தும், அது தீர்வதற்குள் சர்வரை முறையாக நிறுத்த வேண்டும், இருவரும் விழுந்தடித்து ஓடுவோம். நிறுத்தியபின் புழுக்கம் தாங்காமல் மாடிப்படியில் போய் உட்காருவோம். அவர் மேல்படி, நான் கீழ்ப்படி. ஊர்க்கதை உலகக்கதை எல்லாம் பேசுவோம். பேச வேண்டியதை மட்டும் பேசமாட்டோம். அதற்கு வாய் வரும் நேரத்தில் கரண்ட் வந்துவிடும். சனியன், மற்ற நாளெல்லாம் மணிக்கணக்கில் போகிற கரண்ட்!

மாற்றல் வந்தபோது “போயிட்டு வாரேன்” என்றார். “சரி” என்றேன். அவ்வளவுதான். எங்கள் வீட்டில் யாருக்குக் கடிதம் வந்தாலும் அப்பாதான் பிரிப்பார். அலுவலக டெலிபோன் அண்ணாச்சியின் மேஜையில் இருந்தது. எனக்கு மிஞ்சியது அந்தத் தாள் ஒன்றுதான். தினமும் ஒன்பதரை மணிக்கு அவர் நூல் இருப்புக் கோப்பைத் திறப்பார். அந்த வரி இருந்தால் நேற்று ஆள் எழுந்து குளித்து ஆபீஸ் வந்திருக்கிறார் என்று எனக்கு நிம்மதி. இல்லாவிட்டால் காய்ச்சலோ என்னவோ என்று மனசு கிடந்து அடித்துக்கொள்ளும். ஆனால் அவருக்கு என் நினைப்பு இருக்கிறதா என்பதை அந்தத் தாள் சொல்லாது. இருப்பைப் பார்ப்பது அவர் வேலை. எனக்காகவா திறப்பார்?

கொஞ்ச நாளில் அண்ணாச்சிக்குத் தாளைப் படித்து அலுத்துவிட்டது.

“ஏம்மா, இம்புட்டையும் யாரு படிப்பா? ஒழுங்கா வேலை பாக்கவன் பேரு எனக்கு எதுக்கு? தொறக்கக் கூடாததைத் தொறக்கப் பாக்கான் பாரு, அவன் பேரை மட்டும் காட்டு. மத்ததை மிஷினே பாத்துக்கிடட்டும்.”

எனக்கு வயிறு எரிந்தது. ஆனாலும் புரோகிராமை நான்தானே எழுத வேண்டும், எழுதினேன். யார் எதைத் திறக்கலாம் என்று சர்வருக்குச் சொல்லிவைத்தேன். அதற்குள் நடப்பதை அது கண்டுகொள்ளாது. மீறினால் கதவைத் திறக்காது, மறுநாள் தாளில் பெயரைப் போடும். ஒரே மாதத்தில் மூன்று தடவை மீறினால் அந்தப் பெயரையே பூட்டிவிடும். பூட்டைத் திறக்க ஆள் நேரில் வர வேண்டும். அது அண்ணாச்சி சேர்த்தது. “போன்ல எவன் குரல்ல எவன் பேசுதானோ, யாரு கண்டா? நேர்ல வரட்டும்” என்றார். எல்லாவற்றையும் சுற்றறிக்கையாக அடித்து மெட்ராஸுக்கும் அனுப்பினேன்.

மறுநாள் தாளில் ஒரே வரி. மீறல் எதுவும் இல்லை என்று நான் எழுதிக்கொடுத்த இங்கிலீஷ் வாக்கியம். அடிப் பாவி, உன் கையாலேயே அழித்துக்கொண்டாயே என்று என்னையே திட்டிக்கொண்டேன். அந்த வாரம் முழுக்க யார் பேசினாலும் எரிந்து விழுந்தேன். சாயங்காலம் பாலத்தில் வரும்போது ஆறு நிறையத் தண்ணீர் போய்க்கொண்டிருந்தது. அதைப் பார்க்கக்கூடப் பிடிக்கவில்லை.

அப்புறம் ஒரு காலையில் தாளில் அவர் பெயர் வந்தது. என் புரோகிராம்களை நான் வைத்திருக்கும் இடத்தை அவர் திறக்கப் பார்த்திருந்தார், சர்வர் மறுத்திருந்தது. அங்கே யாருக்கும் ஒரு வேலையும் கிடையாது.

“இவன் ஒன் எடத்துக்குள்ள எதுக்கு நொழையுதான்?” என்றார் அண்ணாச்சி.

“கை தவறியிருக்கும் அண்ணாச்சி.”

சில நாள் கழித்து மறுபடியும் அதே இடம், அதே ஒன்பதரை மணி. “ரெண்டு தடவையா கை தவறும்?” என்று அண்ணாச்சி முறைத்தார். எனக்குக் காதெல்லாம் சூடாகிவிட்டது. சுற்றறிக்கையைப் படித்துவிட்டுத்தான் வருகிறார். தப்புச் செய்தால்தான் என் கண்ணில் படுவோம் என்று தெரிந்து, என் கதவைத் தட்டிவிட்டுப் போகிறார். சந்தோஷம் தாங்கவில்லை. கூடவே பயமும். இன்னொரு தடவை தட்டினால் பெயர் பூட்டிக்கொள்ளும், அது வேலைக்கே உலை வைத்துவிடும். போதும் சாமி, அவர் வர வேண்டாம் என்று வேண்டிக்கொண்டேன். வேண்டிக்கொண்டே மறுநாளும் பிரிண்டரிடம் ஓடினேன்.

மூன்றாவதும் வந்தது. பெயர் பூட்டிக்கொண்டது. அண்ணாச்சி குதித்தார். “திமிரப் பாத்தியா! வரச் சொல்லு அவனை.”

ராத்திரி ரயிலில் வந்த கசங்கிய சட்டையோடு நேரே அலுவலகத்துக்கு வந்தார். மெலிந்து போயிருந்தார். கண்ணாடித் தடுப்புக்குள் வைத்து அண்ணாச்சி வாங்கு வாங்கென்று வாங்கினார். “என்ன வே, மெட்ராஸ் போனதும் கண்ணு தெரியலையா? இன்னொரு தடவை நடந்தா சோலி போயிரும், பாத்துக்கிடும்.” அவர் தலையைக் குனிந்து “தப்புத்தான் அண்ணாச்சி” என்றார். பிறகு என் மேஜைக்கு வந்தார்.

பூட்டை எடுத்துவிட்டு, புதுப் பாஸ்வேர்ட் அடிக்கச் சொன்னேன். ஒருவர் பாஸ்வேர்ட் அடிக்கும்போது பக்கத்தில் இருப்பவர் முகத்தைத் திருப்பிக்கொள்வது எங்கள் அலுவலக வழக்கம். சுற்றறிக்கையில் அதையும் எழுதிவைத்த புண்ணியவதி நான்தான். எழுந்து சுவரைப் பார்த்து நின்றேன்.

கீபோர்டு சத்தம் வரவில்லை.

“அடிங்க,” என்றேன். “வேலை போயிருந்தா என்ன செஞ்சிருப்பீங்க?”

“லெட்டர் போட்டா ஒங்க அப்பா பிரிப்பாங்க. போன் போட்டா அண்ணாச்சி எடுப்பாரு. லீவு கேட்டேன், தரலை. வேற எப்படி நான் இங்கன வர?” குரலை இன்னும் தாழ்த்தி, பைய கேட்டார். “அம்மாவை ஒங்க வீட்டுக்கு அனுப்பட்டுமா?”

எனக்குக் கோபம்தான் முதலில் வந்தது. எத்தனை நாள் படிக்கட்டில் உட்கார்ந்திருந்தோம், அங்கே கேட்டிருக்கக் கூடாதா இந்த மனுஷர்? கண்ணில் தண்ணீர் முட்டியது.

“அனுப்புங்க,” என்றேன் சுவரைப் பார்த்து.

பிறகு கீபோர்டு தட்டும் ஓசை கேட்டது. தப்பாக அடித்தார், அழித்தார், மறுபடி அடித்தார். “முடிஞ்சுது” என்றதும் திரும்பினேன். அதற்குள் அண்ணாச்சி வந்து எங்கள் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். கேட்டவர் முகத்தைச் சாதாரணமாக வைத்துக்கொண்டுவிட்டார்.

கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அந்த முகத்தின் தூக்கம், கோபம், பல்வலி எல்லாம் பார்த்தாயிற்று. நான் “அனுப்புங்க” என்று சொன்னபோது அது எப்படி இருந்தது என்பதைத்தான் பார்க்கவில்லை. இன்றைக்கும் கேட்பேன். “என் மூஞ்சி எனக்கு எப்படித் தெரியும்?” என்பார். அதுவும் சரிதான். அந்த அறையில் அதைப் பார்க்க என்னை விட்டால் வேறு ஆள் இல்லை. நான் திரும்பியிருக்கலாம்.