வசனம் எடுத்துக்கொடுப்பவள்

தையற்கடையில் சட்டைகளுக்குக் காஜா எடுப்பவளுக்கு, நாடகக் குழுவில் ஒரே ஒரு வேலை. பக்கத்திரைக்குப் பின்னால் நிற்க வேண்டும். மேடையில் யாராவது தடுமாறினால் வசனத்தை எடுத்துக்கொடுக்க வேண்டும். நாலு பேர் முன்னால் வாய் திறக்கக் கூசுகிறவளுக்கு அது தோதாக இருந்தது. அவளை அங்கே இழுத்துவந்தவள் பக்கத்து வீட்டு நர்ஸ். உயிர்த்தோழி. பேச்சே நின்றுபோன ஒரு தம்பதியைப் பற்றிய இந்த நாடகத்தில் அவளுக்குத்தான் மனைவி வேஷம்.

இவளுடைய வீட்டுக்காரரும் அளந்துதான் பேசுவார். மாடியில் துணி காயப்போடும்போது ஒருநாள், யாரிடமும் சொல்லாத ஒன்றை நர்ஸிடம் சொல்லியிருந்தாள். அவர் வேலைக்குப் போனபின் காலி நாற்காலியை எதிரே போட்டுக்கொண்டுதான் சாப்பிடுகிறாள். அவர் குரலில் தானே பேசிக்கொள்கிறாள்.

கடைசி ஒத்திகையில் புதிதாக ஒரு காட்சி சேர்ந்தது. காலி நாற்காலி, ரெண்டு தட்டு. நர்ஸ் குரலைத் தடிமனாக்கிக்கொண்டு, "நீயும் உக்காரு, சேர்ந்தே சாப்பிடலாம்" என்றாள். குழுவே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. இவளுக்கு உடம்பெல்லாம் கூசிப்போயிற்று.

நர்ஸைத் தனியே கூப்பிட்டாள். "நாளைக்கு அவரும் வராருடி. அதை எடுத்துடு."

"உன் பேரையா சொன்னேன்? யாருக்குத் தெரியப்போகுது?" நர்ஸ் தலையைச் சீவிக்கொண்டே சொன்னாள். "நாடகத்துல நல்ல இடமே அதுதான்."

மறுநாள் அவர் மூன்றாம் வரிசையில் உட்கார்ந்திருந்தார். அந்தக் காட்சியும் வந்தது. நர்ஸ் தட்டை நகர்த்தி வைத்தாள், நாற்காலியைப் பார்த்தாள், வசனம் மறந்துவிட்டது. கண் பக்கத்திரைக்கு ஓடியது. இவள் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள். நாடகம் நாசமாகப் போகட்டும். அந்த வரியை மட்டும் தன் வாயால் தர மாட்டாள்.

பயத்தில் நர்ஸுக்குக் கண்ணில் நீர் முட்டியது. கூடம் மூச்சடங்கிப் பார்த்தது. பிறகு கைதட்டல் கூரையைப் பிய்த்தது.

உள்ளே வந்ததும் ஆளாளுக்கு நர்ஸைப் பாராட்டினார்கள். அவள் இவளைத் தோளோடு அணைத்துக்கொண்டாள். "நல்லவேளை நீ எடுத்துக்குடுக்கல. இனிமே அப்படியே வெச்சுக்கலாம்னு சொல்லிட்டாங்கடி."

இவள் அந்தக் கையை எடுத்துவிட்டு வெளியே நடந்தாள்.

வழியில் அவராகவே பேச்செடுத்தது அதிசயம்தான். "அந்தம்மா அவ்வளவு நேரம் நாற்காலியவே பார்த்துட்டு நின்னுச்சே. அங்க ஏதாவது வசனம் இருந்துச்சா?"

"இல்ல" என்றாள்.