அடியில் விட்டுவிடச் சொன்ன முகம்

போன வியாழக்கிழமை காலை, மயில்கழுத்து நிறச் சேலை ஒன்றை விரித்துப்போட்டு விளக்குகளைச் சரிசெய்துகொண்டிருந்தபோது என்னுடன் வேலை பார்க்கும் தனலட்சுமியின் கணவர் ஏழுமலையிடமிருந்து போன் வந்தது. "அண்ணா, தனலட்சுமி போயிட்டாண்ணா. விடிகால நெஞ்சு வலிக்குதுன்னா. ஆஸ்பத்திரிக்கு இட்டுகினு போறதுக்குள்ள..." பிறகு, "பேனருக்கு நல்லதா ஒரு போட்டோ வேணும்ணா. உங்க கிட்டதான் இருக்கும்" என்றார். இருந்தது. அந்தப் படத்தைப் பற்றித்தான் நான் சொல்லியாக வேண்டும்.

ஆரணியில் நாங்கள் வேலை பார்க்கும் பட்டு நிறுவனம் இணையத்தில் சேலை விற்கத் தொடங்கியபோது, படமெடுக்க நானும், எடுத்த படங்களைக் கணினியில் திருத்தத் தனலட்சுமி அவர்களும் ஒரே வாரத்தில் சேர்ந்தோம். நான் நெசவுக் குடும்பம். அவர் தேவிகாபுரத்துப் பக்கம் கூலி வேலைக்குப் போகும் வீட்டில் பிறந்து, கண்ணமங்கலத்தில் ஒரு கடையில் போட்டோ வேலை பழகியவர். ஒன்பது ஆண்டுகள் அடுத்தடுத்த நாற்காலிகளில் உட்கார்ந்திருந்தோம்.

வந்த புதிதில் அவர் ஒரு தவறு செய்தார். நீளவாக்கில் ஓடும் பாவு பச்சை, குறுக்கே ஓடும் ஊடை சிவப்பு என்று நெய்த சேலை மடிப்பில் ஒரு நிறமும் விரித்த இடத்தில் இன்னொரு நிறமும் காட்டும். கேமரா கோளாறு என்று நினைத்து அதை முழுக்கச் சிவப்பாக்கிவிட்டார். எனக்கு வாய் சும்மா இருக்காது. "பட்டு கட்டிப் பாத்திருந்தாதானே தெரியும்" என்றேன். அறையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அவர் மவுஸை ஒரு தட்டு தட்டினார். பச்சை அப்படியே திரும்பி வந்துவிட்டது. "நான் தப்பு பண்ணாலும் பொடவைக்கு ஒண்ணும் ஆவலண்ணா. படத்து மேல நான் கைய வெக்கலியே" என்றார். நான் சொன்னதற்கு இன்று நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது.

அவர் பயன்படுத்தியது அட்ஜஸ்ட்மென்ட் லேயர். வெளிச்சம், நிறம் எதை மாற்றுவதானாலும் படத்தைத் தொடாமல், அதன் மேல் கண்ணாடித் தாள் போல ஓர் அடுக்கைப் போட்டு அதில் மாற்றுவது. பக்கத்தில் உள்ள கண் குறியை அணைத்தால் அடியில் இருக்கும் அசல் தெரியும். ஓரிடத்தை மட்டும் மாறாமல் காக்க அந்த அடுக்குக்கு ஒரு மாஸ்க் உண்டு. அதற்கு அவர் வைத்த பெயர் முக்காடு. "மூஞ்சிக்கு முக்காடு போட்டுட்டேண்ணா, இப்ப பொடவைய எவ்ளோ வேணா ஏத்துங்க" என்பார். எங்கள் பிரிவில் எல்லாரும் இப்போதும் முக்காடு என்றுதான் சொல்கிறோம்.

மூன்று ஆண்டுகளுக்கு முன் நிறுவனத்தின் இணையப் பக்கத்தில் எங்கள் படங்களையும் போடச் சொன்னார்கள். எல்லாரும் பளிச்சென்று இருக்க வேண்டும் என்று உத்தரவு. கேமரா என்றாலே ஒதுங்குகிறவரை உட்காரவைத்து எடுத்தேன். நானே முகத்தை வெளுத்தும் காட்டினேன். வெகுநேரம் பார்த்தார். "நல்லாத்தான் கீது. எங்க ஊட்டுக்காரரு பாத்தா சந்தோசப்படுவாரு. ஆனா அண்ணா, அடியில என்னிய அப்படியே உட்டுடுங்க" என்றார். "சரிம்மா" என்றேன்.

அன்றைக்கே எல்லார் படமும் முடிய வேண்டும், ஜல்தி ஜல்தி என்று நச்சரிப்பு. அடுக்குகளையெல்லாம் ஒன்றாக ஒட்டி, பழைய படத்தின் மேலேயே சேமித்தேன். கேமரா கார்டையும் அழித்துவிட்டேன். அடியில் அசல் எதுவும் மிஞ்சவில்லை. அவர் பிறகு கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

வியாழக்கிழமை அவருடைய கணினியில் தேடினேன். ஆயிரக்கணக்கில் சேலைகள். ஒவ்வொன்றிலும் அடுக்குகள் கலையாமல், அடியில் அசல் பத்திரமாக இருந்தது. அவர் படம் ஒன்றுகூட இல்லை. ஏழுமலை போனிலிருந்து அனுப்பியவை பெரிதாக்கினால் மங்கின. என்னிடமிருந்த வெளுத்த படத்தைத் திரும்பக் கறுப்பாக்கிப் பார்த்தேன். கறுப்பு வந்தது, அவர் வரவில்லை. அச்சகத்தில் அவசரப்படுத்தினார்கள். வெளுத்ததையே அனுப்பினேன். "ஷோக்கா கீதுண்ணா" என்று ஏழுமலை சொன்னபோது எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

அடக்கம் முடிந்து அவர்கள் ஊர் நிறுத்தத்தில் ஆரணி பஸ்ஸுக்கு நின்றேன். பேனர் அங்கேதான் கட்டியிருந்தது. பஸ் வந்ததும் கண்டக்டர் எட்டிப் பார்த்து, "யாருண்ணா இது, புதுசா கீறாங்க?" என்றார். "தினம் காலைல உங்க வண்டியிலதான் ஆரணிக்கு வருவாங்க. பட்டுக் கம்பெனில வேல" என்றேன். மறுபடியும் பேனரைப் பார்த்தார். "அந்தம்மாவா? சும்மா இருங்கண்ணா. இது அவங்க இல்ல."

ஆகவே எழுதிவைக்கிறேன். தனலட்சுமி நல்ல கறுப்பு. மேலுதட்டுக்கு வலப்பக்கம் ஒரு மச்சம் உண்டு, நான் வெளுத்ததில் அது போய்விட்டது. நெற்றியில் இரண்டு அம்மைத் தழும்புகள். திரையையே உற்றுப் பார்த்துப் பார்த்துப் புருவங்களுக்கு நடுவே ஒரு கோடு விழுந்திருந்தது. நான் ஏதாவது உளறினால் அந்தக் கோடு ஆழமாகும், பிறகு ஒரு பக்கமாகச் சிரிப்பார். அந்தச் சிரிப்பை இன்னும் ஒரு தடவை பார்க்க மாட்டோமா என்று மனசு அடித்துக்கொள்கிறது.

போய் வாருங்கள், தனலட்சுமிம்மா. நீங்கள் கேட்டது ஒன்றே ஒன்று. அதை நான் செய்யவில்லை.