சேட்டனுடைய சிடி

மாமா அன்று மதியம் சட்டைக்குள் எதையோ ஒளித்துக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தார். அம்மாவின் தம்பி. கோம்பையிலிருந்து விடியற்காலையில் பெண்களை ஜீப்பில் ஏற்றிக்கொண்டு மலைமேல் ஏலத் தோட்டத்துக்குப் போவார், பொழுது சாயக் கொண்டுவந்து இறக்கிவிடுவார். கொண்டை ஊசி வளைவுகளை ஒற்றைக் கையால் ஒடிக்கிறவர் என்று ஊருக்குள் பேச்சு. அப்படிப்பட்டவர் அடுப்படியை எட்டிப் பார்த்துவிட்டுப் பூனைபோல நடந்து வந்ததில் எனக்குச் சிரிப்பாக வந்தது.

"ஆத்தா, இந்தச் சிடியை உன் கம்ப்யூட்டர்ல போட்டுத் தொறந்து குடு. நம்ம தோட்டத்து மொதலாளி, அந்த மலையாளத்துச் சேட்டனோடது. மதுரையில டாக்டருக எடுத்துக் குடுத்தாகளாம். அம்மாகிட்டச் சொல்லிராத."

அப்பா தேனியில் பழையதாக வாங்கிவந்த அந்தக் கம்ப்யூட்டருக்கு வீட்டில் நான்தான் அதிகாரி. அந்தப் பெருமையில், சேட்டனுடைய சிடிக்கு மாமாவுக்கு ஏன் இப்படி வியர்க்கிறது என்று எனக்குக் கேட்கத் தோன்றவில்லை. உண்மையில் சிடி மாமாவுடையதுதான். இதயத்துக்குப் போகிற குழாயில் அடைப்பு, வீட்டுக்குப் போகாதே, இன்றே படுத்துவிடு என்றிருக்கிறார் மதுரை டாக்டர். இவர் யோசித்துச் சொல்கிறேன் என்று பஸ் ஏறிவிட்டார். ஏலக்காய் எடுப்பு மும்முரமாக நடந்துகொண்டிருந்த நேரம். டாக்டர் மெய்யாகச் சொன்னாரா, பயம் காட்டினாரா என்று தன் கண்ணால் பார்த்துக்கொண்டு மறுநாள் மலையேறுவது அவர் திட்டம். இதெல்லாம் எனக்குப் பின்னால் தெரிந்தவை.

சிடிக்குள் வெறும் எண்களைப் பெயராகக் கொண்ட கோப்புகள் வெள்ளைத் தாள்களாக நின்றன. ஒன்றைச் சொடுக்கினால், இதை எதில் திறப்பது என்று கம்ப்யூட்டர் என்னையே திருப்பிக் கேட்டது. மாமாவுக்கு ஒரு யோசனை வந்தது.

"பேரை மாத்திப் பாரு ஆத்தா."

எங்கள் பக்கத்தில் பிள்ளை நோஞ்சானாக இருந்தால் முதல் வைத்தியம் அதுதான். குப்பை, பிச்சை என்று மட்டமான பெயராக வைத்துவிட்டால் எமன் சீந்தமாட்டான் என்பது கணக்கு. மாமாவையே ஊர் முழுக்கப் பிச்சை என்றுதான் கூப்பிடும். நான் கோப்புகளைக் கம்ப்யூட்டரில் நகல் எடுத்து, எண்ணுக்குப் பின்னால் ஒரு புள்ளி வைத்து, போட்டோக்களுக்கு இருக்கும் மூன்றெழுத்து வாலைச் சேர்த்தேன். வெள்ளைத் தாள் சட்டென்று குட்டி மலையும் சூரியனுமாக மாறியது.

"பாத்தியா, சொகமாயிருச்சு!" என்று மாமா என் முதுகில் தட்டினார். திறந்தால் ஒன்றுமில்லை. பிறகு பாட்டின் வால், சினிமாவின் வால் என்று நாங்கள் ஒட்டாத வாலில்லை. மாமா உற்சாகம் வடிந்து நெஞ்சைத் தடவிக்கொண்டார்.

எதற்கும் இருக்கட்டும் என்று நோட்பேடில் திறந்தேன். திரை முழுக்கக் கட்டங்களும் கொம்பு முளைத்த எழுத்துகளும் கொட்டின. அந்தக் குப்பைக்கு நடுவே டி, ஐ, சி, எம் என்று நான்கு ஆங்கில எழுத்துகள் மட்டும் சுத்தமாக நின்றன. அதை இணையத்தில் போட்டுத் தேடினேன். டாக்டர்கள் படம் பார்க்கிற ஒரு மென்பொருள் கிடைத்தது. டாங்கிளில் அது சொட்டுச் சொட்டாக இறங்கியது. ஜன்னலுக்கு வெளியே மலைமேல் மேகம் கவிந்தது. மாமா நாற்காலியிலேயே கண்மூடிக் கிடந்தார். எனக்கும் கண் சொருகியது.

பிறகு சிடி திறந்தது.

முதலில் சாம்பல் நிறம் மட்டும். மழைக்கு முந்தைய வானம் போலிருந்தது. அதில் எங்கிருந்தோ ஒரு கருப்புக் கோடு இறங்கி, வளைந்து, கிளைவிட்டு, கிளையிலிருந்து நரம்புநரம்பாகப் படர்ந்தது. கவாத்து பண்ணிய திராட்சைக் கொடி அப்படித்தான் இருக்கும், இலையே இல்லாமல். ஆனால் இந்தக் கொடி மூச்சுவிட்டது. சுருங்கியது, விரிந்தது, கரைந்து காணாமல் போனது, மறுபடி முளைத்தது. அதைவிட அழகான ஒன்றை நான் அதுவரை பார்த்ததில்லை. எவ்வளவு நேரம் பார்த்துக்கொண்டிருந்தோமோ தெரியவில்லை.

"மாமா, இங்கன பாருங்க. இந்த ஒரு கொப்பு மட்டும் பாதியில நின்னுருது."

"ஆமாத்தா," என்றார் மாமா. குரல் அவருடையதாகவே இல்லை. "நின்னுருது."

அம்மா எங்களுக்குப் பின்னால் வந்து நின்றதை நாங்கள் கவனிக்கவில்லை. சேட்டனோட கொடிம்மா என்று நான் பெருமையாகச் சொன்னேன். அம்மா கொடியைப் பார்க்கவில்லை. திரையின் மூலையில் பொடி எழுத்தில், ஆஸ்பத்திரிப் பெயருக்குக் கீழே இருந்த பெயரைப் பார்த்தார். எனக்கு அது முன்பின் தெரியாத பெயர், சேட்டனுடையது என்று நினைத்திருந்தேன்.

"சுந்தரம்," என்றார் அம்மா.

அறையில் வேறு யாரோ இருக்கிறார்களா என்று நான் திரும்பிப் பார்த்தேன். மாமா தலையைக் குனிந்துகொண்டார். பள்ளிக்கூடத்துப் பதிவேட்டோடு நின்றுபோன, மாமாவின் நிஜப் பெயர் அது. அக்காளைத் தவிர அதை நினைவில் வைத்திருந்தவர்கள் யாருமில்லை.

"யாருகிட்டடா மறைக்கிற? நாளைக்கு அத்தனை பொம்பளைகளை ஏத்திக்கிட்டு மலையேறப் போறியா?"

"காய் எடுப்பு முடியட்டும்க்கா."

அம்மா மாமாவின் சட்டைப்பையில் கைவிட்டு ஜீப் சாவியை எடுத்துத் தன் இடுப்பில் செருகிக்கொண்டார். பிறகு அங்கேயே தரையில் உட்கார்ந்து, வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். நான் மிரண்டுபோனேன். சொல்லாமல் சிடி போட்டதற்கா இவ்வளவு கோபம் என்று நினைத்தேன்.

அன்று சாயங்காலமே இருவரும் சிடியை எடுத்துக்கொண்டு மதுரைக்குப் பஸ் ஏறினார்கள். என்னைக் கூட்டிப் போகவில்லை. எவ்வளவு சிரமப்பட்டுத் திறந்தேன், ஒரு வார்த்தை பாராட்டவில்லையே என்று எனக்கு ஆங்காரமாக இருந்தது. மாமா மெலிந்து, தாடி முளைத்து வீடு வந்து சேர நாளாயிற்று.

சிடி போனாலும் படம் என்னிடம் இருந்தது. கம்ப்யூட்டரில் ஏற்கெனவே ஒரு பிரதி எடுத்து வைத்திருந்தேன். அவர்கள் மதுரைக்குப் போன மறுநாளே தெருப்பிள்ளைகளையெல்லாம் கூப்பிட்டு உட்காரவைத்து, கதவைச் சாத்தி இருட்டாக்கி அதை ஓட்டினேன். கொடி முளைத்தது, படர்ந்தது. அது பாதியில் நிற்கிற இடம் வரும்போதெல்லாம் நான் கையைக் காட்டினேன், எல்லோரும் கைதட்டினார்கள்.